முற்றும் எச்சமும்: குவாங்சோ மாணவி ஒருத்தியின் ஆங்கில வாசிப்பு – ஒரு நிகழ்வு ஆய்வு

"இலக்கணம் நன்றாகப் போடுகிறாள், வாசிப்பில்தான் மதிப்பெண் போகிறது." சீனாவின் குவாங்சோ நகரில் பதினோராம் வகுப்பில் இருந்த ஒரு மாணவியைப் பற்றி அவள் பள்ளி சொன்ன மதிப்பீடு இது. இலக்கணம் ஒரு பக்கம், வாசிப்பு ஒரு பக்கம் என்று பிரித்து, வாசிப்புக்கு மட்டும் கூடுதல் பயிற்சித் தாள்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தாள் கூடியது, மதிப்பெண் கூடவில்லை. வாசிப்பில் அவள் தவறவிட்டதெல்லாம் இலக்கணம்தான் என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன், அதன் பிறகு என்ன செய்தோம், எது சரியானது, எது இன்னும் சரியாகவில்லை என்பதை இங்கே எழுதுகிறேன்.

மாணவியின் பெயரும் பள்ளியின் பெயரும் வேண்டாம். எங்கள் குடியிருப்பில் இரண்டு மாடி கீழே அவர்கள் வீடு. என் கணவருக்கு இந்த நகரத்தில் வேலை. நான் ஊரில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஆங்கிலம் நடத்தியவள் என்பது பேச்சுவாக்கில் அவள் அம்மாவுக்குத் தெரியவர, அப்புறம் ஞாயிறு பிற்பகல்கள் என் கையில் இல்லை. காசு வாங்கவில்லை; என் விசாவில் அதற்கு இடமும் இல்லை. பதிலுக்கு லிச்சிப் பழமும் மணிக்கணக்கில் கொதித்த சூப்பும் மேலே ஏறி வந்தன. என் மாண்டரின் உச்சரிப்பை மாணவி திருத்தினாள், கொஞ்சமும் இரக்கமில்லாமல். என்னை 'லாவ்ஷி' என்று கூப்பிடுவாள். ஆசிரியரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

எந்தத் தேர்வுக்கு

பள்ளி முடிக்கும் சீனப் பிள்ளைகள் எழுதும் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குக் காவ்காவ் என்று பெயர். கலாசாரப் புரட்சிக் காலத்தில் நின்றுபோயிருந்த அது 1977இல் மீண்டும் வந்தபோது ஆங்கிலம் ஒப்புக்குத்தான் இருந்தது. 1983இல்தான் ஆங்கில மதிப்பெண் முழுதாகக் கணக்கில் சேர்ந்தது. இன்று மொத்தம் 750 மதிப்பெண்ணில் சீன மொழிக்கு 150, கணிதத்துக்கு 150, அந்நிய மொழிக்கு 150. அந்நிய மொழி என்றால் பெரும்பாலும் ஆங்கிலம்தான். 2013இல் பெய்ஜிங் நகரம் ஆங்கிலத்தை 100ஆகக் குறைக்கலாம் என்று ஒரு வரைவை வெளியிட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது. கடைசியில் 150 அப்படியே நின்றது.

ஆங்கிலத் தாள் ஜூன் 8 பிற்பகல். புதிய முறைத் தேசியத் தாளில் வாசிப்புக்கு 50 மதிப்பெண். ஏ, பி, சி, டி என்று நான்கு பத்திகள், பதினைந்து கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டரை. அதோடு, ஒரு கட்டுரையிலிருந்து ஐந்து வாக்கியங்களை எடுத்துவிட்டு, கொடுத்திருக்கும் ஏழில் சரியான ஐந்தைப் பொருத்தச் சொல்லும் பகுதி ஒன்று உண்டு. அதிலும் கேள்விக்கு இரண்டரை. பிறகு சொல் நிரப்பும் பகுதிக்கு 15, இலக்கணம் நிரப்பும் பகுதிக்கு 15. எழுத்துக்கு 40, அதில் பாதிக் கதையைக் கொடுத்து மீதியை எழுதச் சொல்லும் பகுதிக்கே 25. குவாங்டொங் மாகாணத்தில் கேட்டலும் பேச்சும் தனித் தேர்வாகக் கணினியில் நடக்கும். அதில் மாணவிக்குக் கவலை இல்லை.

இந்த இரண்டரை மதிப்பெண்ணை இங்கே எவ்வளவு கனமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதற்கு 2018 நவம்பரில் செஜியாங் மாகாணத்தில் நடந்ததைச் சொல்லலாம். அந்த மாகாணத்தில் ஆங்கிலத்தை இரண்டு முறை எழுதி நல்ல மதிப்பெண்ணை வைத்துக்கொள்ளலாம். அந்த முறை வாசிப்பும் எழுத்தும் முந்தைய ஆண்டைவிடக் கடினமாகிவிட்டன என்று சொல்லி, அந்தப் பகுதிகளின் சில கேள்விகளுக்கு அவற்றின் கடினத்துக்கு ஏற்ப அதிகாரிகள் எடை போட்டு மதிப்பெண்ணைச் சரிக்கட்டினார்கள். மாணவர்களும் பெற்றோரும் கொதித்துப்போனார்கள். விசாரணைக் குழு வந்தது. டிசம்பர் தொடக்கத்திலேயே அந்த எடை ரத்தாகி அசல் மதிப்பெண் திரும்பி வந்தது. மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்குப் பதவி போயிற்று. ஞாயிறு பிற்பகலை ஓர் அயலாள் வீட்டில் கழிக்கும்படி மகளை அனுப்பும் அம்மாவை இதற்குப் பிறகு நான் குறை சொல்வதில்லை.

அவள் அதுவரை படித்த விதம்

தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் தொடங்க வேண்டும் என்று சீனக் கல்வி அமைச்சு 2001இல் சொன்னது. அந்தக் கணக்கில் மாணவி எட்டு ஆண்டுக்கு மேல் ஆங்கிலம் படித்தவள். முதல் பாடவேளைக்கு முன் காலை வாசிப்பு. வகுப்பே எழுந்து நின்று சொற்பட்டியலை உரக்கப் படிக்கும். இரவு பத்து மணி வரை பள்ளியிலேயே தனிப்படிப்பு. கையெழுத்து அச்சில் வார்த்ததுபோல் நிமிர்ந்து உருண்டு இருக்கும். ஹெபெய் மாகாணத்து ஹெங்ஷுய் பள்ளியின் பெயரால் நாடு முழுக்கப் பரவிய பாணி அது. திருத்துகிறவர் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக அதற்கென்றே நகல் புத்தகம் வாங்கி எழுதிப் பழகுகிறார்கள்.

அவளுடைய தப்பு நோட்டு ஒரு கலைப்படைப்பு. தவறிய கேள்வியை வெட்டி ஒட்டி, பக்கத்தில் சரியான விடையைச் சிவப்பு மையில் எழுதி, கீழே விதியை நீல மையில் எழுதியிருந்தாள். சீனப் பள்ளிகளில் அநேகமாக எல்லா நல்ல மாணவர்களிடமும் இப்படி ஒரு நோட்டு இருக்கும். நல்ல பழக்கம்தான். ஆனால் அவள் நோட்டு கேள்வி வந்த வரிசையில் இருந்தது, பிழை வந்த காரணத்தின் வரிசையில் இல்லை. இது பிறகு முக்கியமானது.

வாசிப்புக்குப் பள்ளி சொல்லித்தந்த உத்தி இது: முதலில் கேள்வியைப் படி, முக்கியச் சொல்லில் கோடு போடு, பத்தியில் அந்தச் சொல்லைத் தேடு, அந்த வரியைப் படி, ஒத்துப்போகும் விடையைத் தேர்ந்தெடு. இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஏ பத்தி பெரும்பாலும் அறிவிப்பு, அருங்காட்சியக நேரம், கோடை முகாம் கட்டணம் போன்றது. அங்கே இந்த உத்தி அருமையாக வேலை செய்யும். மாணவி ஏ பத்தியில் அநேகமாகத் தவறுவதே இல்லை. சி, டி பத்திகள் அறிவியல், சமூகம், புத்தக மதிப்புரை என்று போகும். அங்கே கேள்வி தயாரிக்கிறவர் தவறான விடையில் பத்தியின் சொற்களையே அள்ளிப் போடுவார், சரியான விடையை வேறு சொற்களில் எழுதுவார். சொல்லைத் தேடிப் போகிறவர் நேராகப் பொறியில் விழுவார்.

இலக்கணப் பக்கத்தில் அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. சீன வகுப்பறைகளில் வெய்யு, ஃபெய்வெய்யு என்று இரண்டு சொல் ஓயாமல் கேட்கும். வாக்கியத்தைத் தாங்கும் வினை வெய்யு. அப்படித் தாங்காத, வடிவம் மாறிய வினை ஃபெய்வெய்யு. ஒரு வாக்கியத்தில் இணைப்புச் சொற்கள் எத்தனையோ அதைவிட ஒன்று கூடுதலாக வெய்யு இருக்கும் என்பது விதி. வினைகளை எண்ணு, இணைப்புகளை எண்ணு, மிச்சமெல்லாம் ஃபெய்வெய்யு. கோடிட்ட இடம் நிரப்பும் பகுதியில் இந்தக் கணக்கை வைத்து அவள் 15க்குப் பன்னிரண்டு வாங்கிவிடுவாள்.

பதினாறு சொல்

முதல் சில வாரங்கள் நான் விடை கேட்கவே இல்லை. வாக்கியத்தை உரக்கப் படி, யார் என்ன செய்தார்கள் என்று சொல், அவ்வளவுதான். தெரியாத சொல் எதுவும் இல்லாத வாக்கியங்களை நானே எழுதிக் கொடுத்தேன். அதில் ஒன்று:

"தி மெத்தட் தி ஃபார்மர்ஸ் லிவிங் நியர் தி ரிவர் யூஸ்ட் டு கீப் ஃபிஷ் அலைவ் சர்ப்ரைஸ்ட் தி விசிட்டர்ஸ்."

பதினாறே சொல். எல்லாம் அவள் எட்டாம் வகுப்புக்குள் படித்தவை. படித்துவிட்டுத் தயங்காமல் சொன்னாள்: "ஆற்றுப் பக்கத்து விவசாயிகள் அந்தக் காலத்தில் மீனை உயிரோடு வைத்திருப்பார்கள். வந்தவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்." எதைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள் என்று கேட்டேன். "மீனைப் பார்த்து, லாவ்ஷி."

முறையைப் பார்த்துத்தான் ஆச்சரியப்பட்டார்கள். ஆற்றோரம் வாழும் விவசாயிகள் மீனை உயிரோடு வைத்திருக்கக் கையாண்ட முறை, வந்தவர்களை வியக்க வைத்தது. பரீட்சையில் கேள்வி இதைத்தான் கேட்கும். மீன் என்று ஒரு விடையும் அங்கே கட்டாயம் இருக்கும்.

எப்படி அந்த அர்த்தத்துக்குப் போனாள் என்று பின்னோக்கி விசாரித்தேன். அவள் போட்ட கணக்கு பிசகில்லாத கணக்கு. வாக்கியத்தில் இணைப்புச் சொல் ஒன்றும் கண்ணில் படவில்லை, அப்படியானால் வெய்யு ஒன்றுதான். 'யூஸ்ட் டு கீப்' என்பது முன்பு வழக்கமாகச் செய்ததைச் சொல்லும் அமைப்பு என்று மனப்பாடம் செய்திருக்கிறாள், எனவே அதுதான் வெய்யு. அப்போது 'சர்ப்ரைஸ்ட்' மிச்சம், அது ஃபெய்வெய்யு, வியப்படைந்த வருகையாளர்கள் என்று ஒட்டிக்கொள்ள வேண்டியது. தொடக்கத்தில் நின்ற 'மெத்தட்' எங்கும் ஒட்டவில்லை, அதனால் விட்டுவிட்டாள். விதி தெரியாமல் வந்த தவறு இல்லை இது. ஆங்கிலம் இணைப்புச் சொல்லை முழுங்கிவிடும் இடத்தில் விதியை நம்பியதால் வந்தது. 'தி மெத்தட்' என்பதற்குப் பிறகு ஒரு 'தட்' இருந்திருந்தால் அவள் சரியாகச் சொல்லியிருப்பாள். போட்டும் காட்டினேன், உடனே சொன்னாள்.

இன்னொரு வாக்கியம், இன்னும் சின்னது: "ஃபியூ ஆஃப் தி ட்ரீஸ் பிளான்ட்டட் இன் தி ஃபர்ஸ்ட் இயர் சர்வைவ்ட்." முதல் வருடம் நட்ட மரங்களில் பிழைத்தவை சொற்பம் என்று பொருள். அவள் சொன்னது: "முதல் வருடம் கொஞ்சம் மரம் நட்டார்கள், அவை பிழைத்தன." 'பிளான்ட்டட்' என்பதை முற்றாக எடுத்ததும் மிச்சமெல்லாம் அதற்கு ஏற்றபடி வளைந்துகொண்டது. சொல்ல வந்த விஷயமே தலைகீழ்.

தப்பு நோட்டைக் கலைத்தது

அடுத்து அந்த அழகான நோட்டைக் கலைத்தோம். அவளுக்கு அது வலித்தது. சி, டி பத்திகளில் தவறிய கேள்விகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆதாரமான வாக்கியத்தைப் பத்தியில் தேடி, அதை எப்படிப் புரிந்துகொண்டாள் என்று சொல்ல வைத்தேன். தெரியாத சொல்லால் தவறியவை ஒரு குவியல். பத்தியின் கருத்தையோ தலைப்பையோ கேட்டுத் தவறியவை இன்னொன்று. மூன்றாவது குவியல்தான் மற்ற இரண்டையும்விடப் பெரியது: சொல்லெல்லாம் தெரியும், வாக்கியத்தை மட்டும் வேறாகப் புரிந்துகொண்டிருக்கிறாள்.

அந்த மூன்றாம் குவியலில் இரண்டு விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று, மறைந்துபோன இணைப்புச் சொல். மற்றொன்று, ஈடி விகுதி. 'பிளான்ட்டட்', 'யூஸ்ட்', 'ஃபவுன்டட்' மாதிரி, முற்றும் எச்சமும் ஒரே உருவில் வரும் வினைகள். 'ரிட்டன்', 'டேக்கன்', 'நோன்' என்று எச்சத்துக்கு வேறு உருவம் உள்ள வினைகளில் அவள் தடுமாறவே இல்லை. 'எ லெட்டர் ரிட்டன் பை எ சோல்ஜர்' என்றால் சிப்பாய் எழுதிய கடிதம் என்று தயங்காமல் சொல்வாள். அப்படியென்றால் அந்த அமைப்பு அவளுக்குத் தெரியும். உருவம் காட்டிக்கொடுக்காத இடத்தில்தான் தெரியவில்லை. எனக்கு விஷயம் விளங்கியது இங்கேதான்.

பிறகு இலக்கணம் நிரப்பும் பகுதியில் அவள் இழந்த இரண்டு மூன்று மதிப்பெண்ணையும் பார்த்தோம். அதில் பாதிக்கு மேல் இதே வகை. மீதி 'எ', 'தி' போன்றவை. பள்ளி இரண்டு என்று சொன்னது உண்மையில் ஒன்றுதான். இலக்கணப் பகுதியில் அந்தக் கோடு, எந்த வினையைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது. அவள் அதைச் சுற்றி நாலு சொல்லைப் பார்த்து முடிவெடுத்தாள். வாசிப்பில் கோடு இல்லை. எங்கே சந்தேகப்பட வேண்டும் என்பதையே அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காவ்காவ் ஆங்கிலத் தாளில் முன்பு நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தனி இலக்கண வாக்கியங்கள் இருந்தன. 2014இல் தேசியத் தாளில் அதை எடுத்துவிட்டு முழுப் பத்தியில் கோடு போட்டு நிரப்பச் சொன்னார்கள். குவாங்டொங் அதற்கு முன்பே, 2007லேயே, அப்படி மாறிவிட்டது. இலக்கணத்தை வாசிப்போடு சேர்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம். வகுப்பறையில் என்ன ஆயிற்று என்றால், பத்தியைக் கொடுத்தாலும் பிள்ளைகள் கோட்டைச் சுற்றி மட்டும் படிக்கப் பழகிவிட்டார்கள்.

ஏன் அந்த இடத்தில்

சீன மொழியில் வினைக்கு உருவ மாற்றம் கிடையாது. போ என்றாலும் போன என்றாலும் போக என்றாலும் வினைச்சொல் ஒன்றுதான். முன்னும் பின்னும் வரும் சொற்களும் இடமும் மீதியைச் சொல்லிவிடும். ஒரு வினை முற்றா எச்சமா என்று அதன் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் சீனக் குழந்தைக்கு வீட்டில் வருவதில்லை. அதனால்தான் ஃபெய்வெய்யு என்பது அவர்கள் இலக்கணப் புத்தகத்தில் அவ்வளவு பெரிய அத்தியாயம்.

நமக்கு இந்தக் கஷ்டம் இல்லை. 'நட்ட' என்று கேட்டவுடன் ஒரு பெயர் வரப்போகிறது என்று தெரியும். 'நட்டு' என்றால் இன்னொரு வினை வரும், 'நட்டார்கள்' என்றால் வாக்கியம் முடிந்தது. பள்ளியில் பெயரெச்சம், வினையெச்சம் என்று மனப்பாடம் செய்தபோது கசந்த விஷயம், இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தபோது எனக்குக் கைகொடுத்தது. மேலே சொன்ன மீன் வாக்கியத்தைத் தமிழில் பாருங்கள்: வாழும், கையாண்ட இரண்டும் பெயரெச்சம், வைத்திருக்க வினையெச்சம், வியக்க வைத்தது ஒன்றுதான் முற்று. ஆங்கிலத்திலோ 'யூஸ்ட்', 'சர்ப்ரைஸ்ட்' இரண்டும் முற்று, 'லிவிங்', 'டு கீப்' எச்சம். எந்த வினை எதைத் தாங்குகிறது என்று எங்கள் காதுக்கு அனிச்சையாகத் தெரிவதை அவள் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கிறாள்.

இன்னொரு விஷயத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சி. பெயரை விவரிக்கும் தொடரைத் தமிழும் சீனமும் பெயருக்கு முன்னால் வைக்கின்றன. 'நேற்று வந்த மாணவன்' என்பதைச் சீனத்திலும் அதே வரிசையில்தான் சொல்வார்கள்; நேற்று, வா, நடுவில் 'தெ' என்ற சின்ன ஒட்டு, கடைசியில் மாணவன். ஆங்கிலம் மாணவனை முதலில் நிறுத்திவிட்டு அவனைப் பற்றி அப்புறம் பேசும். தமிழ் வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலைத் திறக்கும் நம் பிள்ளைகள் நீளமான வாக்கியத்தில் மூச்சுத் திணறுவதும் இதே இடத்தில்தான். ஆனால் அவர்களுக்கு எச்சம் கண்ணுக்குத் தெரியும். மாணவிக்கு இரண்டு கதவும் அடைத்திருந்தது.

செய்தது

முதல் வேலை, விதியைத் திருத்தியது. கணக்கை விடச் சொல்லவில்லை. அது பள்ளி கொடுத்தது, வேலையும் செய்கிறது. கணக்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தோம். ஒரு பெயரும் அதை ஒட்டி இன்னொரு பெயரும் நடுவில் எதுவும் இல்லாமல் வந்தால், அங்கே ஓர் இணைப்பு மறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'தி மெத்தட் தி ஃபார்மர்ஸ்' என்பது அந்த அடையாளம். அதையும் எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும்.

இரண்டாவது, ஈடி விகுதிக்கு ஒரு மாற்றுச் சோதனை. சந்தேகமான வினையை எடுத்துவிட்டு, 'டேக்' என்ற வினையின் முற்றான 'டுக்' போட்டுப் பார், எச்சமான 'டேக்கன்' போட்டுப் பார். அர்த்தம் முக்கியமில்லை, எது உட்காருகிறது என்று காது சொல்லட்டும். 'தி ட்ரீஸ் டேக்கன் இன் தி ஃபர்ஸ்ட் இயர் சர்வைவ்ட்' உட்காருகிறது. 'தி ட்ரீஸ் டுக் இன் தி ஃபர்ஸ்ட் இயர் சர்வைவ்ட்' உட்காரவில்லை. ஆகவே 'பிளான்ட்டட்' எச்சம். உருவம் காட்டிக்கொடுக்கும் வினைகள் அவளுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் தெரிந்ததை வைத்துத் தெரியாததைப் பிடித்தோம். இந்தச் சோதனை அவளுக்குப் பிடித்துப்போய், பள்ளியில் பக்கத்து இருக்கைப் பெண்ணுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவதுதான் வீட்டில் சண்டை வந்தது. வாரத்துக்கு ஒரே பத்தி. திங்கள் ஒரு முறை சாதாரணமாகப் படிக்க வேண்டும். அடுத்த நாள்களில் எல்லா வினைக்கும் அடியில் கோடு, முற்றுக்கு மட்டும் வட்டம். வார இறுதிக்குள் அவளே அந்தப் பத்தியில் பத்துச் சொல்லை மறைத்துக் கோடு போட்டுத் தனக்குத் தானே கேள்வித்தாள் செய்ய வேண்டும். ஞாயிறு அன்று கடினமான வாக்கியங்களைச் சீனத்தில் சொல்ல வேண்டும். என் மாண்டரின் கடை கண்ணிக்குப் போய்வரும் அளவுதான், அவள் மொழிபெயர்ப்பை மதிப்பிட எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் 'தெ' எங்கே விழுகிறது என்று கேட்கத் தெரியும். 'முறை' என்ற சொல்லுக்கு முன்னால் 'தெ' விழுந்தால் வாக்கியம் புரிந்திருக்கிறது. விழவில்லையென்றால் திரும்ப ஒரு முறை.

"வாரம் முழுக்க ஒரே பத்தியா?" என்று அம்மா கீழேயிருந்து ஏறி வந்து கேட்டார், மகளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு. வகுப்பில் மற்றவர்கள் வாரத்துக்கு மூன்று முழுத்தாள் முடிக்கிறார்களாம். கேள்விக் கடலில் மூழ்கி எழுந்தால்தான் தேர்ச்சி என்பது இங்கே பல தலைமுறையாக வேரோடிய நம்பிக்கை. அவர் பயம் நியாயமானது. பள்ளித் தாள்களை நிறுத்தவில்லை, ஞாயிறு வேலை மட்டும் இப்படி என்று சொல்லிச் சமாளித்தேன். மாணவியின் ஆட்சேபம் வேறு: "பரீட்சையில் வட்டம் போட நேரம் ஏது, லாவ்ஷி?" இல்லைதான். போகப் போக வட்டத்தை முதல் வாசிப்பில் புரியாத வாக்கியங்களுக்கு மட்டும் என்று குறைத்தோம். பிறகு பென்சில் இல்லாமல். தனக்குப் புரியவில்லை என்பதையே கவனிக்கத் தொடங்கினாள் என்பது எனக்கு வட்டத்தைவிடப் பெரிய விஷயமாகப் பட்டது. அதற்கு முன் அவள் எந்த வாக்கியத்தையும் புரியவில்லை என்று சொன்னதே இல்லை.

நான்காவது, எளிய வாசிப்பு. நியூசிலாந்து வெலிங்டனில் பணியாற்றிய பால் நேஷன் போன்ற சொல்வள ஆய்வாளர்கள், உதவியில்லாமல் சுகமாகப் படிக்கப் பக்கத்தில் நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்று காட்டியிருக்கிறார்கள். நாவலையோ செய்தித்தாளையோ அந்த அளவில் படிக்க எட்டாயிரம் ஒன்பதாயிரம் சொற்குடும்பம் தேவை. சீன மேல்நிலைப் பாடத்திட்டம் காவ்காவுக்கு எதிர்பார்ப்பதோ ஏறக்குறைய மூவாயிரம் சொல். ஆக, ஆங்கில நாளிதழைக் கையில் கொடுத்து 'படி, வாசிப்பு வளரும்' என்பது பாவம். சொல் அளவு கட்டுப்படுத்தி எழுதிய சின்னக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தேன். முதலில் அவமானப்பட்டாள், இது சின்னப் பிள்ளைகள் படிப்பது என்று. துப்பறியும் கதை ஒன்று கிடைத்த பிறகு அந்தப் பேச்சு நின்றது. பள்ளிப் பேருந்தில் படிப்பதாகச் சொன்னாள். எவ்வளவு படித்தாள் என்று நான் விசாரிக்கவில்லை.

மாறியதும் மாறாததும்

ஆண்டு முடிவில் பள்ளி நடத்திய மாதிரித் தேர்வுகளில் சி, டி பத்திகளில் பாதிக்கு மேல் தவறியவள் ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்டாள். வாக்கியங்களைப் பொருத்தும் பகுதியும் உயர்ந்தது. அதற்கென்று நாங்கள் எதுவும் செய்யவில்லை. 'தே', 'திஸ்', 'ஹவ்எவர்' போன்ற சொற்கள் எதைச் சுட்டுகின்றன என்று பார்க்கும் பழக்கம் தானாக வந்திருக்கலாம். இதையெல்லாம் என் கணக்கில் எழுதிக்கொள்ள முடியாது. அதே காலத்தில் பள்ளியும் முழுத் திருப்புதல் நடத்தியது, அவளும் ஒரு வயது கூடினாள். ஒரே ஒரு மாணவி, ஒப்பிட இன்னொருத்தி இல்லை. ஈடி விகுதியில் தவறுவது நின்றது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன், ஏனென்றால் புதிய தப்பு நோட்டில் அந்தக் குவியல் வளரவில்லை.

சொல் நிரப்பும் பகுதி அப்படியே நிற்கிறது. அது இலக்கணம் இல்லை. நாலு வினையில் இந்த இடத்துக்கு எது பொருந்தும் என்ற சொல்லுணர்வு. அதற்குக் குறுக்கு வழி எனக்குத் தெரியாது, நிறையப் படிப்பதைத் தவிர. 'எ', 'தி' விஷயத்தில் நாங்கள் இருவருமே அந்நியர்கள். தமிழிலும் இல்லை, சீனத்திலும் இல்லை. விதிகளைச் சொல்லிக்கொடுத்தேன், பாதி நேரம் வேலை செய்கின்றன.

பெரிய பாக்கி எழுத்தில். கதையைத் தொடர்ந்து எழுதும் பகுதிக்கு 25 மதிப்பெண், ஏறக்குறைய 150 சொல் எழுத வேண்டும். முதல் பத்தியை இறந்த காலத்தில் அழகாகத் தொடங்குகிறாள். கதை சூடுபிடித்ததும் வினைகள் ஒவ்வொன்றாக நிகழ்காலத்துக்குத் திரும்பிவிடுகின்றன. சீனத்தில் 'லெ' என்ற ஒட்டு ஒரு செயல் முடிந்ததைக் காட்டுமே தவிர, காலத்தைக் காட்டாது. நேற்று என்று ஒரு முறை சொல்லிவிட்டால் போதும். காற்புள்ளியும் தகராறு. சீன எழுத்தில் முழு வாக்கியங்களையே காற்புள்ளி போட்டுத் தொடுத்துக்கொண்டு போகலாம், அதை அப்படியே ஆங்கிலத்தில் செய்கிறாள். வேடிக்கை என்னவென்றால், அடுத்தவர் எழுதியதில் இந்த இரண்டு பிழையையும் நொடியில் பிடித்துவிடுகிறாள். தான் எழுதியதை அடுத்த ஞாயிறு அடுத்தவர் எழுதியதுபோல் படித்து வட்டம் போடும்படி இப்போது பழக்குகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க அதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறோம், பள்ளி ஞாயிறையும் எடுத்துக்கொள்ளாமல் விட்டுவைத்தால்.